தஜீன் சமைக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு: கிளறாமல், தாளிக்காமல், அவசரப்படாமல்

மொரோக்கோவின் சலே ஊரில் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாவிடம் தஜீன் என்கிற மண்சட்டிக் குழம்பு கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாள் நான் செய்த முதல் வேலை எண்ணெயைக் காயவைத்ததுதான். அடுத்து வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பொடிகளைப் பிரட்டி, கோழியைப் போட்டுக் கிளறியிருப்பேன். கை பழகிய வழி அது. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை அணைத்தார். சட்டி ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பச்சை வெங்காயம், பச்சைக் கோழி, பொடிகள், ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் ஆறிய சட்டியில் அடுக்கினார். மூடியை வைத்தார், தீயை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு இறக்கினார். "ஸாஃபி, பின்தி" என்றார். அவ்வளவுதான், மகளே. அப்புறம் ஒன்றரை மணி நேரம் என்னை அந்தச் சட்டிப் பக்கமே விடவில்லை.

அவரை நான் 'கால்தி' என்று கூப்பிடுவேன். அம்மாவுடன் பிறந்தவளைக் குறிக்கும் சொல் அது. அங்கே வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். இந்தக் கட்டுரையில் இருப்பதில் பாதி, கால்தி என் கையைத் தட்டிவிட்டபோது கற்றது.

தஜீனுக்கு வேண்டியது சிறு தீ, கொஞ்சம் தண்ணீர், சும்மா இருக்கத் தெரிந்த கை. மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம்.

எது தஜீன், எது இல்லை

தஜீன் என்பது சட்டிக்கும் பெயர், அதில் வெந்த பண்டத்துக்கும் பெயர். அடி அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருக்கும். மேலே கூம்பு வடிவ மூடி. அட்லஸ் மலைக் கிராமங்களில் வாழும் அமாசிக் மக்களின் சட்டி இது. வெளியார் அவர்களைப் பெர்பர் என்பார்கள், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது அமாசிக் என்று. அவர்களுடைய தமாசிக் மொழி 2011 அரசியல் சட்டத்தில் அரபியோடு மொரோக்கோவின் ஆட்சிமொழி ஆயிற்று. மலையில் தஜீன் எளிமையானது: வெங்காயம், துண்டுக் கறி, காய்கறி, உப்பு, சீரகம். ஃபெஸ், ரபாத், மர்ராகேஷ் போன்ற நகரங்களின் அரபு வீடுகளிலும், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்து குடியேறிய அந்தலூசியக் குடும்பங்களிலும்தான் அதே சட்டிக்குள் குங்குமப்பூ, பாதாம், தேன், உலர்பழம் எல்லாம் நுழைந்தன.

பெயரை நம்பி ஏமாறக் கூடாத ஓர் இடம் உண்டு. துனிசியாவில் தஜீன் கேட்டால் முட்டை, பாலாடைக்கட்டி, கறி சேர்த்துச் சுட்டுச் சதுரமாக வெட்டிய பண்டம் வரும். குழம்பு வராது. அல்ஜீரியாவில் குழம்புதான். அங்கே ரமலான் மாதத்தில் உலர்பிளம் போட்டு இனிப்பாகச் செய்யும் தஜீன் பிரசித்தம்.

இன்னொன்று. வெளிநாட்டு உணவகங்களில் தஜீனை கூஸ்கூஸ் மேல், அதாவது ஆவியில் வெந்த கோதுமை ரவை மேல், ஊற்றித் தருவார்கள். மொரோக்கோ வீட்டில் அப்படிச் செய்தால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். கூஸ்கூஸ் தனி உணவு. அதற்கென்று ஆவிச்சட்டி உண்டு, தனிக் காய்கறிக் குழம்பு உண்டு, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைக்கு உரியது. தஜீனுக்குத் துணை ரொட்டி. வட்டமாக, தடிமனாகச் சுட்ட 'ஹொப்ஸ்'.

சட்டி வாங்குவது

சலே ஊர் எல்லையில், பூ ரெக்ரெக் ஆற்றோரம் உல்ஜா என்று குயவர் பேட்டை இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் நீலமும் மஞ்சளும் தீட்டிய பளபளப்பான சட்டியைத்தான் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். அது பரிமாறுகிற சட்டி, அடுப்பில் வைக்கக் கூடாது. வர்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. எலுமிச்சையும் தக்காளியும் அதில் மணிக்கணக்கில் கொதித்தால் ஈயம் சாப்பாட்டில் இறங்கும். சமைக்க வேண்டியது பூச்சில்லாத, செங்கல் நிற, அழகில்லாத சட்டி. விலையும் குறைவு.

எடுத்ததும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று வந்தால் நல்லது, 'தொப்' என்று வந்தால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கிறது. அடி தடிமனாக இருக்கட்டும். நாலு பேருக்கு 30 சென்டிமீட்டர் அகலம் சரியாக வரும்.

புதுச் சட்டியைப் பழக்காமல் தீயில் வைக்காதீர்கள். அடியையும் மூடியையும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள். முதல் பத்து நிமிடம் மண் மூச்சு விடுவதுபோலக் குமிழி குமிழியாக வரும். எடுத்து நன்றாகக் காயவிட்டு, உள்ளும் புறமும் ஆலிவ் எண்ணெய் தடவுங்கள். சூடாக்காத 'அவன்' அடுப்புக்குள் வைத்து, பிறகு 150 டிகிரிக்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் விடுங்கள். அணைத்தபின் அந்த அடுப்புக்குள்ளேயே ஆறட்டும். கஞ்சித் தண்ணீர் ஊற்றி மண்சட்டி பழக்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை.

மண்சட்டி கிடைக்காவிட்டால் அடி கனமான, மூடி பொருந்திய எந்தப் பாத்திரமும் போதும். மொரோக்கோ நகரத்துக் குடும்பங்களே வேலை நாளில் பிரஷர் குக்கரில்தான் செய்கிறார்கள். 'கோகோட்' என்பார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். அதில் செய்யும்போது கறியையும் வெங்காயத்தையும் முதலில் லேசாக வதக்கவும் செய்வார்கள். வெந்ததும் வர்ணச் சட்டிக்கு மாற்றி மேசைக்குக் கொண்டுவருவார்கள். ருசி கொஞ்சம் குறையும், ஆனால் அது பாவமில்லை.

தீ

பழைய முறை 'மஜ்மர்' என்கிற மண் கணப்பு. கரியைப் பற்றவைத்து, கனல் மேல் சாம்பல் பூத்த பிறகுதான் சட்டியை ஏற்றுவார்கள். மர்ராகேஷிலிருந்து வர்சாசாத் போகும் சாலை 2,260 மீட்டர் உயரத்தில் திஸி ந் திஷ்கா கணவாயைத் தாண்டுகிறது. அந்த வழியோரக் கடைகளில் இப்படி ஒரு வரிசைக் கணப்புகளும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூம்பும் நிற்கும். காலையிலேயே ஏற்றிவிடுவார்கள். மதியம் பஸ் வந்து நிற்கிற நேரத்துக்கு எல்லாம் வெந்திருக்கும்.

வீட்டில் கேஸ் அடுப்பில் செய்யும்போது தீ சட்டியின் அடியில் நேராகப் படக் கூடாது. இடையில் இரும்புத் தகடு ஒன்று வேண்டும். நான் பழைய தோசைக்கல்லைத்தான் வைக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. சிறிய பர்னர், மிகக் குறைந்த தீ. சட்டி சூடேறவே இருபது நிமிடம் ஆகும். பொறுமை போய் தீயைக் கூட்டுகிற கணத்தில்தான் சட்டிகள் உடைகின்றன. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்சட்டி சூடேறாது.

என் இரண்டாவது சட்டி உடைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, தண்ணீர் வற்றியதுபோலத் தெரிந்தது, குழாயில் பிடித்து அப்படியே ஊற்றினேன். பெரிய சத்தம்கூட இல்லை, 'டக்' என்று ஒன்று. அடி குறுக்கே பிளந்து, குங்குமப்பூக் குழம்பு தோசைக்கல்லில் ஓடி, அடுப்புக்குள் இறங்கியது. சூடான மண்ணில் குளிர்ந்த எதுவும் படக் கூடாது: தண்ணீரும் சரி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியும் சரி, ஈரமான சலவைக்கல் மேடையும் சரி. பக்கத்தில் ஒரு கெட்டில் வெந்நீர் எப்போதும் இருக்கட்டும். இறக்கினால் மரப்பலகை மேல் அல்லது மடித்த துணி மேல் வையுங்கள்.

பொடிகள்

தஜீன் காரமான உணவு என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மிளகாய் ஏறக்குறைய இல்லை. மணம்தான் முக்கியம். கால்தி வீட்டு அலமாரியில் தினமும் கை போகிற டப்பாக்கள் ஐந்தாறுதான். 'ஸ்கின்ஜ்பீர்' என்கிற சுக்குப் பொடி, 'கர்கூம்' என்கிற மஞ்சள், மிளகு, சீரகம், பட்டை, காரமில்லாத சிவப்பு மிளகாய்ப் பொடியான 'தஹ்மீரா'. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் குங்குமப்பூ, அதை மட்டும் உள் அறையில் வைத்திருப்பார். இதில் அந்த ஸ்கின்ஜ்பீர் நமக்குத் தூரத்து உறவு. அரபியின் ஸன்ஜபீல், கிரேக்கத்தின் ஸிங்கிபெரிஸ், பாலி மொழியின் சிங்கிவேர என்று பின்னோக்கிப் போனால் 'இஞ்சிவேர்' போன்ற ஒரு தென்னிந்தியச் சொல்லில் நிற்கிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

பச்சை இஞ்சியை இதற்கு மாற்றாகப் போடாதீர்கள். சுக்கின் வறண்ட சூடு வேறு, பச்சை இஞ்சியின் எரிப்பு வேறு.

குங்குமப்பூவுக்கு ஆண்டி அட்லஸ் மலையடிவாரத்து தலியூவின் ஊர் பேர்பெற்றது. பூ விரிவதற்கு முன் விடியற்காலையில் பறித்து, இழை இழையாகக் கையால் பிரிப்பார்கள். நாலு பேருக்கு இருபது இழை தாராளம். இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நீரோடு சேர்த்து ஊற்றுங்கள். வாங்க முடியாதவர்கள் மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளலாம். மொரோக்கோவிலும் பல வீடுகளில் நிறத்துக்கு மஞ்சளும் கலர்ப் பொடியும்தான்.

'ரஸ் எல் ஹனூத்' பற்றி ஒரு வார்த்தை. கடையின் தலை என்று அர்த்தம், அதாவது மளிகைக்காரர் தன் கடையின் மிகச் சிறந்த சரக்குகளைக் கலந்து தரும் பொடி. இணையத்து சமையல் குறிப்புகள் எல்லாத் தஜீனிலும் இதைக் கொட்டச் சொல்கின்றன. கால்தி வருஷத்தில் சில தடவைதான் எடுப்பார். முக்கியமாக, பக்ரீத் முடிந்ததும் ஆட்டுக்கறியைத் திராட்சை, தேன், பாதாமோடு சுண்டவைக்கும் 'ம்ரூஸியா'வுக்கு. கோழியும் எலுமிச்சையும் சேர்கிற இடத்தில் அதைப் போட்டால் எல்லாம் ஒரே மசாலா வாசனையாகிவிடும்.

நகரத்துச் சமையற்காரிகள் குழம்பை நாலு வகையாகப் பிரிப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால் நூறு குறிப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'ம்கல்லி' மஞ்சள் நிறம்: எண்ணெய், சுக்கு, குங்குமப்பூ. 'ம்ஹம்மர்' சிவப்பு: வெண்ணெய், தஹ்மீரா, சீரகம், கடைசியில் கறியைச் சிவக்க வைப்பது. 'கத்ரா' வெளிர் மஞ்சள்: நிறைய வெங்காயம், மிளகு, குங்குமப்பூ, ஊறவைத்த வெண்ணெய், கூடவே கொண்டைக்கடலையோ பாதாமோ. 'ம்ஷர்மல்' என்றால் கொத்தமல்லி, பூண்டு, சீரகம், எலுமிச்சை அரைத்த 'ஷர்மூலா' விழுதில் ஊறியது. முதலில் ம்கல்லியைக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் மறைத்துக்கொள்ள இடமில்லை, தப்பு செய்தால் உடனே தெரியும்.

மேலே சொன்ன ஊறவைத்த வெண்ணெய்க்கு 'ஸ்மென்' என்று பெயர். உப்புப் பிசைந்து மாதக்கணக்கில் ஜாடியில் அடைத்தது. பழுத்த பாலாடைக்கட்டி வாடை அடிக்கும். மகள் பிறந்த அன்று ஒரு ஜாடியைப் புதைத்து, அவள் கல்யாணத்துக்குத் திறப்பார்கள் என்று மலைக்கிராமங்களைப் பற்றிச் சொல்வார்கள். கால் கரண்டி போதும். பிடிக்காதவர்கள் சாதாரண வெண்ணெய் போடலாம். நம் நெய் வேறு சுவை, ஆனால் கெடுக்காது.

உப்பு எலுமிச்சை: ஒரு மாதம் முன்னாலேயே

இது இல்லாமல் கோழித் தஜீன் இல்லை. கடையில் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் இன்றைக்கே போட்டு வைத்துவிடுங்கள். தோல் மெல்லிய சின்ன எலுமிச்சை பத்து. நன்றாகக் கழுவித் துடைத்து, மேலிருந்து நாலாகப் பிளக்க வேண்டும், ஆனால் அடியில் துண்டாகப் பிரியக் கூடாது. பிளவுக்குள் கல்லுப்பைத் திணியுங்கள், பழத்துக்கு ஒரு கரண்டி. கண்ணாடி ஜாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தி வைத்தால் மறுநாள் சாறு விட்டிருக்கும். பழம் மூழ்குகிற வரை வேறு எலுமிச்சைகளின் சாற்றை ஊற்றி நிரப்புங்கள். வெளியே தலைநீட்டினால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் நாலு வாரம். தோல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ மாறினால் ஆயிற்று.

மிளகாய் இல்லை, வெந்தயம் இல்லை, தாளிப்பு இல்லை. நம் எலுமிச்சை ஊறுகாயைக் கழுவிப் போட்டால் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். செய்தும் பார்த்தாள். தஜீன் கிடைக்கவில்லை, நல்ல ஊறுகாய்க் குழம்பு கிடைத்தது. உப்பில் மட்டும் ஊறிய, மிளகாய் போடாத எலுமிச்சை வீட்டில் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பயன்படுத்தும்போது உள்சதையை வழித்தெறிந்து, தோலைக் கழுவி நீளவாக்கில் நறுக்குங்கள். சதையைக் கொஞ்சம் மசித்துக் குழம்பில் சேர்ப்பவர்களும் உண்டு, அப்படியானால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

முதல் தஜீன்: கோழி, எலுமிச்சை, ஆலிவ்

நாலு பேருக்கு: தோலோடு கோழி ஒரு கிலோ, பெரிய துண்டுகளாக, பெரிய வெங்காயம் மூன்று, பூண்டு நாலு பல், சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி, மஞ்சள், மிளகு அரை அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, குங்குமப்பூ இருபது இழை, ஆலிவ் எண்ணெய் நாலு மேசைக்கரண்டி, கொத்தமல்லி, பார்ஸ்லி சேர்த்து நூலில் கட்டிய ஒரு சின்னக் கட்டு, உப்பு எலுமிச்சை ஒன்று, கொட்டையோடு ஊதாநிற ஆலிவ் ஒரு கைப்பிடி, வெந்நீர் அரைக் கப். கிடைத்தால் கோழி ஈரல் ஒன்றிரண்டு.

1. கோழியை உப்பும் எலுமிச்சைச் சாறும் தேய்த்துக் கழுவி, துடைத்துவிடுங்கள். பூண்டை நசுக்கி, எல்லாப் பொடிகளோடும் இரண்டு கரண்டி எண்ணெயோடும் பிசைந்து கோழியில் பூசுங்கள். தோலுக்கடியிலும் விரலை விட்டுப் பூச வேண்டும். ஒரு மணி நேரம் ஊறட்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் சமைக்கும் முன் வெளியே எடுத்து வையுங்கள்.

2. வெங்காயம் இரண்டைத் துருவுங்கள், ஒன்றை மெல்லிய வட்டங்களாக நறுக்குங்கள். இந்தத் துருவல்தான் குழம்பின் உடம்பு. நறுக்கிய வெங்காயம் துண்டாகவே நிற்கும், துருவியது கரைந்து கூழாகும்.

3. ஆறிய சட்டியில் மீதி எண்ணெய், அதன் மேல் வெங்காய வட்டங்கள். அடிபிடிக்காமல் காக்கும் மெத்தை அது. அதன் மேல் துருவிய வெங்காயம், அதன் மேல் கோழி, தோல் மேலே இருக்கும்படி. நடுவில் கொத்தமல்லிக் கட்டையும் ஈரலையும் செருகுங்கள். குங்குமப்பூ நீரையும் வெந்நீரையும் ஓரமாக ஊற்றுங்கள். கோழி மேல் ஊற்றினால் பூசியதெல்லாம் வழிந்துவிடும்.

4. மூடுங்கள். தோசைக்கல், சிறு தீ. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மெதுவாகக் குமிழியிடும் சத்தம் கேட்கும். மூடி மேல் காதை வைத்துக் கேட்பார் கால்தி. படபடவென்று கொதித்தால் தீ அதிகம். நுரை பொங்கி விளிம்பில் வழிந்தால் மூடிக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகுங்கள், மூச்சு விட இடம் கிடைக்கும்.

5. ஐம்பது நிமிடம் ஆனபின் ஒரு தடவை திறந்து, துண்டுகளைத் திருப்பி வையுங்கள். கிளறக் கூடாது. ஈரலை எடுத்து முள்கரண்டியால் மசித்துக் குழம்பிலேயே விடுங்கள்.

6. இன்னும் இருபது நிமிடம் கழித்து எலுமிச்சைத் தோலையும், உப்பு போகக் கழுவிய ஆலிவையும் மேலே பரப்புங்கள். முன்னாலேயே போட்டால் குழம்பு கசக்கும். உப்பை இப்போதுதான் ருசி பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

7. மூடியைத் திறந்தே வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் சுண்டவிடுங்கள். வெங்காயமெல்லாம் காணாமல் போய், கரண்டியில் ஒட்டுகிற பொன்னிறக் கூழ் மட்டும் நிற்க வேண்டும். சட்டியோரமாக மஞ்சள் எண்ணெய் வளையமாகப் பிரிந்து நிற்கும். இந்தக் கூழுக்கு 'தக்மிரா' என்று பேர். விருந்துக்கு வந்தவர்கள் கோழியை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் ரொட்டியால் வழிப்பார்கள்.

பிராய்லர் கோழி மொத்தம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும். நாட்டுக்கோழிக்கு, அங்கே 'பெல்தி' என்பார்கள், இரண்டு மணிக்கு மேலும் ஆகலாம்.

இரண்டாவது: ஆட்டுக்கறியும் உலர்பிளமும்

கல்யாண வீட்டுப் பண்டம் இது. கறியோடு இனிப்பா என்று முகம் சுளிக்கிறவர்களை இரண்டாவது கவளத்தில் பார்க்க வேண்டும்.

எலும்போடு தோள்கறி அல்லது தொடைக்கறி ஒரு கிலோ. மேலே சொன்ன அதே ம்கல்லிப் பொடிகள், கூட ஒரு விரல் நீளப் பட்டை. வெங்காயம் இரண்டு, துருவியது. கொத்தமல்லிக் கட்டு. வெந்நீர் ஒன்றரைக் கப். அதே மாதிரி ஆறிய சட்டியில் அடுக்கி, சிறு தீயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். செம்மறியைவிட வெள்ளாட்டுக்கறி அரை மணி கூடுதலாக எடுக்கும். முக்கால் மணிக்கொரு தடவை அடி பிடிக்கிறதா என்று பாருங்கள், வற்றினால் வெந்நீர் கால் கப். எலும்பைப் பிடித்து லேசாகத் திருகினால் கறி விட்டுப் பிரிய வேண்டும்.

அது வேகும்போதே வேறொரு சின்னப் பாத்திரத்தில் ஒரு கப் குழம்பை எடுத்து, அதில் உலர்பிளம் 200 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி போட்டு, பழம் உப்பிப் பாகு கெட்டியாகும்வரை பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இதைக் கறியோடு கலக்காதீர்கள். பரிமாறும்போது மேலே வைத்து, பாகை வழியவிட்டு, தோலுரித்துப் பொன்னிறமாகப் பொரித்த பாதாமும் வறுத்த எள்ளும் தூவ வேண்டும். பிளம் கிடைக்காவிட்டால் உலர்ந்த அத்திப்பழமோ சர்க்கரைப்பாதாமியோ போடலாம். பேரீச்சம்பழம் போடுகிறவர்களும் உண்டு, எனக்கு அது திகட்டும்.

மலைக்கிராமத்துத் தஜீன்

கறி கொஞ்சம், காய் நிறைய. நடுவில் எலும்புக்கறி நாலு துண்டு, வெங்காய மெத்தை மேல். சுற்றி நீளவாக்கில் வெட்டிய காரட், உருளைக்கிழங்கு, சுரைக்காய் வகை, எல்லாம் கறியின் மேல் சாய்ந்து நிற்கும்படி கூம்பாக அடுக்க வேண்டும். கெட்டியான காய் கீழே, சீக்கிரம் வேகும் காய் மேலே. உச்சியில் தக்காளி வட்டங்கள், குடமிளகாய்க் கீற்று. கறி மட்டும் முக்கால் மணி முன்னால் வெந்திருக்க வேண்டும், அப்புறம் காயை அடுக்கி இன்னொரு முக்கால் மணி. கறி இல்லாமலும் செய்யலாம், அப்போது ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் நடுவில். சைவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கடைசியில் சீரகமும் ஆலிவ் எண்ணெயும். தெற்கே சூஸ் பக்கம் ஆர்கன் என்கிற மரத்தின் கொட்டை எண்ணெய் சொட்டுவார்கள், வறுத்த வேர்க்கடலை போல மணக்கும்.

மீன் தஜீன் கடலோர ஊர்களான ஸஃபி, எஸ்ஸவீராவின் சரக்கு. மீன் அடியில் ஒட்டாமல் இருக்கச் சட்டியில் பிளந்த நாணற்குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புவார்கள். குச்சிக்குப் பதில் காரட் கீற்று போதும். ஷர்மூலாவில் ஊறிய மீன் அரை மணிக்கு மேல் அடுப்பில் இருக்கக் கூடாது.

மர்ராகேஷ் ஆண்களின் சமையல்

சமைக்கவே தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் மர்ராகேஷ் ஆண்களும் ஒன்று செய்வார்கள்: 'தன்ஜியா'. இது கூம்புச்சட்டி இல்லை, கழுத்து குறுகிய மண்ஜாடி. மாட்டு முழங்கால் கறி, முழுப் பூண்டு, உப்பு எலுமிச்சை, சீரகம், குங்குமப்பூ, ஸ்மென், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவும் ஜாடிக்குள். வாயைக் காகிதத்தால் மூடி நூலால் கட்டி, பொதுக் குளியலறையான ஹம்மாமின் உலைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் காய்ச்சும் உலையின் சாம்பலில் ஐந்தாறு மணி நேரம் புதைந்து கிடக்கும். வீட்டில் செய்ய ஆசைப்பட்டால் கனமான மூடிய பாத்திரம், 150 டிகிரி 'அவன்' அடுப்பு, நாலு மணி நேரம்.

எங்கே தவறும்

குழம்பு தண்ணியாக இருக்கிறதா? தண்ணீர் கூடிவிட்டது. வெங்காயமும் கறியும் தாமே எவ்வளவு நீர் விடும் என்று முதல் இரண்டு தடவை யாரும் நம்புவதில்லை. கறியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, திறந்தபடி சுண்டவிடுங்கள். மாவு கரைத்து ஊற்றினால் கால்தி உங்களோடு பேசமாட்டார். அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், மேலாக உள்ளதை வேறு சட்டிக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கரிந்த வாடை பெரும்பாலும் தெரியாது. குங்குமப்பூ மருந்துபோல் வாடை அடித்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள். கறி ரப்பராக இருந்தால் நேரம் போதவில்லை, தீயைக் கூட்டுவது அதற்கு வைத்தியம் இல்லை, இன்னும் அரை மணி காத்திருங்கள்.

சாப்பிடும் முறை

சட்டி அப்படியே மேசை நடுவுக்கு வரும். தனித்தட்டு கிடையாது. கை கழுவி, "பிஸ்மில்லா" சொல்லி, வலது கையின் மூன்று விரல்களால் ரொட்டித் துண்டைப் பிடித்து, உங்களுக்கு நேரே இருக்கும் பகுதியில் மட்டும் தொட்டுச் சாப்பிட வேண்டும். பக்கத்துக்காரர் பகுதிக்குக் கை நீட்டுவது மரியாதை இல்லை. முதலில் குழம்பும் காயும். நடுவில் இருக்கும் கறியை யாரும் தொடமாட்டார்கள். வீட்டுக்காரர் அதைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் தள்ளுவார், விருந்தாளிக்குப் பெரிய துண்டு. போதும் என்று கையைத் துடைத்தால் "குல், குல்" என்று இன்னொரு துண்டு வரும். சாப்பிடு, சாப்பிடு. மூன்றாம் தடவை மறுத்தால்தான் நம்புவார்கள்.

சட்டி கழுவுவது

ஆறும்வரை தண்ணீர் காட்டாதீர்கள். ஆறியபின் வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவைத்து, தேங்காய் நார் போன்ற மிருதுவான எதனாலும் தேய்க்கலாம். சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த சமையலில் திருப்பித் தரும். பிசுக்கு போகாவிட்டால் சமையல் சோடா ஒரு கரண்டி. நன்றாகக் காய்ந்தபின் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மூடியைச் சற்றுச் சாய்த்து, காற்றுப் போகும்படி வையுங்கள். இறுக மூடி அலமாரியில் வைத்த என் முதல் சமையல் சட்டியை ஒரு மாதம் கழித்துத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. வெந்நீரில் தேய்த்து, வெயிலில் மூன்று நாள் வைத்து, மறுபடி எண்ணெய் தடவி 'அவன்' அடுப்பில் ஏற்றி எடுத்தேன். இப்போதும் அதில்தான் கோழி வைக்கிறேன்.